குதிக்கால் வெடிப்பை வீட்டில் ஆற்றுவது: விதைப்புக்கு முன் செய்ய வேண்டியவை

மல்லாவிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கு 56 வயது. வயலும் மிளகாய்த் தோட்டமும் செய்கிறவர். இரண்டு குதிக்காலும் வெடித்து, ஆவணி பிறந்ததில் இருந்து நடந்தால் இரத்தம் கசிகிறது. தேசிக்காயும் உப்பும் தேய்த்துப் பார்த்திருக்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருக்கிறார். பக்கத்து வீட்டில் வெடிப்புக்குள் எருக்கம்பால் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். "பித்தம் கூடினதாலதான் வெடிக்குது எண்டு அம்மா சொல்லுறா. வீட்டில வச்சு என்ன செய்யலாம்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணுமா?" இதுதான் கேள்வி.

நான் வன்னி ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் பல வருடம் புண்ணுக்கு மருந்து கட்டுகிற அறையில்தான் போனது. ஆயிரக்கணக்கான கால்களைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. எருக்கம்பாலைக் காலில் ஊற்றவே வேண்டாம். அது தோலை அரித்துச் சுடுகிற பால். வெடிப்புக்குள் போனால் உயிருள்ள சதையையே புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அம்மாவுக்கு யாராவது அன்போடு கொண்டுவந்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேசிக்காயையும் உப்பையும் இன்றோடு நிறுத்துங்கள். எரியும்போது மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் புளியும் உப்பும் வெடிப்பின் கரையை இன்னும் உலர்த்தி, இன்னும் இறுக்கமாக்கிவிடும்.

சரி, ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். இது விளங்கினால் மிச்சமெல்லாம் தன்பாட்டில் விளங்கும்.

எங்கள் உடம்பில் மற்ற இடங்களில் தோலுக்குள் எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் அவை கிடையாது. வியர்வைச் சுரப்பி மட்டும்தான். அதனால் கால் தோல் தனக்குத் தேவையான ஈரத்தைப் பூட்டி வைக்க வழியில்லாமல் இருக்கிறது. கூடவே நாங்கள் நடக்க நடக்க அந்தத் தோல் தடிக்கிறது. தடித்த தோல் உலர்ந்தால் வளையாது. குதிக்காலுக்குள் ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. நிற்கும்போது உடம்புப் பாரம் அதன் மேல் இறங்க, அது பக்கவாட்டில் பிதுங்கும். ஈரமுள்ள தோல் அதோடு சேர்ந்து விரிந்து கொடுக்கும். காய்ந்த தோல் விரிய முடியாமல் கரையோரம் கிழியும். அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் குதிக்காலின் ஓரத்தில் தொடங்குகிறது. வற்றின குளத்தின் தரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேறாக இருக்கும்வரை அது வெடிப்பதில்லை.

பித்தவெடிப்பு என்ற பெயர் எங்கள் ஊரில் பழசு. அம்மா சொல்வதில் முழுப் பிழை இல்லை, வெக்கையும் வறட்சியும் சேர்ந்த காலத்தில்தான் இது கூடுகிறது. ஆனால் பித்தம் தணிய வேண்டும் என்று நல்லெண்ணெய் தலைக்கு வைத்து முழுகுவதால் மட்டும் குதிக்கால் ஆறாது. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தோலில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் விழுகிறது. மிச்ச நாளெல்லாம் நிலம் காய்கிற மாதிரிக் காலும் காய்கிறது. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, கழுவினாலும் முழுதாகப் போகாது. தோலில் ஒரு படலமாக நின்று இன்னும் உலர்த்தும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தையே காலுக்கும் போட்டால் இன்னும் மோசம்.

வயல் வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு பிரச்சினையும் இருக்கிறது. காலையில் சேற்றில் ஊறுகிறது, மத்தியானம் வெயிலில் சேறு காலிலேயே காய்கிறது, பின்னேரம் திரும்ப ஊறுகிறது. ஊறுவதும் காய்வதுமாக மாறி மாறி வருவதுதான் தோலை மிகவும் கெடுக்கிறது. பின்பக்கம் திறந்த பாட்டாச் செருப்பு குதிக்காலைச் சுற்றிப் பிடிப்பதில்லை. கொழுப்பு மெத்தை பிதுங்க முழு இடமும் கொடுக்கிறது. வீடு கட்டுகிற வேலையில் சீமெந்துக் கலவையில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான். சீமெந்து தோலைச் சுடும், அதை வெறும் வறட்சி என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது வைத்தியம். இதில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். தோலை மென்மையாக்குவது தண்ணீர். எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீரைப் போகவிடாமல் மூடி வைப்பது. காய்ந்த காலில் எவ்வளவு எண்ணெய் பூசினாலும், காய்ந்த தோலுக்கு மேல் எண்ணெய் மினுங்குமே தவிரத் தோல் இளகாது. "எத்தனையோ எண்ணெய் பூசிப் பாத்திட்டன் பிள்ளை, ஒண்டும் சரிவரேல்லை" என்று என்னிடம் சொன்ன அம்மாமார் பெரும்பாலும் படுக்கப் போகும்போது, தூசி தட்டிவிட்டு, காய்ந்த காலில் பூசியவர்கள்தான். எண்ணெயில் குற்றமில்லை. வரிசைதான் மாறியிருந்தது.

இரவு வேலை எல்லாம் முடிந்து, இனிக் கொல்லைக்கு இறங்கப் போவதில்லை என்ற நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர். வெறும் தண்ணீரே போதும், உப்புப் போட வேண்டாம், டெட்டோல் விட வேண்டாம். சூட்டை முழங்கையை விட்டுப் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடுதான் கணக்கு. பத்துப் பதினைந்து நிமிடம் கால் அதில் இருக்கட்டும். அதற்கு மேல் தேவையில்லை. சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்கள் இப்படி ஊற வைக்கக் கூடாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊறின பிறகு தடித்த தோலை மெதுவாகத் தேய்க்கலாம். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். கடையில் விற்கிற கால் தேய்க்கிற கல் நல்லது. இல்லாவிட்டால் நன்றாகக் கழுவின தேங்காய்ப் பொச்சு, அல்லது முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு. கிணற்றடிச் சீமெந்துக் கட்டில் குதிக்காலை உரஞ்சுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. அதை விடச் சொல்வேன். எவ்வளவு உரஞ்சுகிறோம் என்று கைக்குத் தெரியாது, அந்தக் கட்டில் பாசியும் கிருமியும் இருக்கும். ஒரே திசையில், மெதுவாக, தடித்த கரை மட்டும் கொஞ்சம் இறங்கும் அளவுக்குத் தேய்த்தால் சரி. ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட நினைத்தால் தோல் அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு முன்னையதை விடத் தடிப்பாக வளரும். இரத்தம் கசிகிற வெடிப்பைத் தேய்க்கவே வேண்டாம். பிளேட்டால் சீவுவது, நகவெட்டியால் கரையை வெட்டுவது, இரண்டும் கூடவே கூடாது. நான் பார்த்த மோசமான கால்களில் சிலவற்றின் கதை பிளேட்டில்தான் தொடங்கியது.

தேய்த்து முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்குகளை முழுதாக உலர்த்த வேண்டும். குதிக்கால் மட்டும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கட்டும். அந்த ஈரம் காய்வதற்கு முன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசிவிடுங்கள். மேலே ஒரு பருத்திச் சொக்ஸ். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சொக்ஸ் இருந்தால் அதுவே போதும். வெக்கையாக இருக்கிறது என்று அம்மா முறைப்பாடு சொல்வார். முன்பக்கத்தை வெட்டிவிட்டு, விரல்கள் வெளியே இருக்கக் குதிக்கால் மட்டும் மூடுகிற மாதிரிப் போட்டுவிடுங்கள். காலையில் வேலைக்கு இறங்க முன் இன்னும் ஒரு தரம் கொஞ்சம் பூச வேண்டும். இப்படி இரண்டு நேரமும் விடாமல் செய்தால் இரண்டு கிழமையில் வித்தியாசம் தெரியும். ஆழமான வெடிப்புக்கு ஒன்றரை மாதம்கூட எடுக்கலாம். சுகம் வந்ததும் நிறுத்தினால் திரும்ப வெடிக்கும். சோளகம் வீசுகிற காலம் முழுவதும் ஒரு நேரமாவது பூச வேண்டும்.

என்னத்தைப் பூசுவது என்று எல்லோரும் கேட்பார்கள். மலிவாகவும் நிச்சயமாகவும் கிடைப்பது வாசலின். ஈரத்தைப் பூட்டுவதில் அதற்கு நிகர் குறைவு. தேங்காயெண்ணெய் நல்லதுதான், ஆனால் அது 24, 25 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிவிடும். வன்னி வெக்கையில் அது எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும். பூசினால் அரைவாசி சொக்ஸிலும் பாயிலும் போய்விடும். அதைத் தடிப்பாக்க ஒரு வழி இருக்கிறது. காட்டுத் தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு கேட்டால் கிடைக்கும். மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நாலு பங்கு. ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து இரண்டையும் உருக்குங்கள். நேரே அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். மெல்லிய துணியில் வடித்து, காய்ந்த சுத்தமான போத்தலில் ஊற்றி ஆறவிட்டால் களிம்பாக இறுகும். ஈரக் கை வைக்காமல் எடுத்தால் சில மாதம் இருக்கும். இலுப்பெண்ணெய் கிடைக்கிறவர்களுக்கு அதுவும் நல்லது. ஆமணக்கெண்ணெயும் கெட்டியாக நிற்கும். வேப்பெண்ணெய் சிலருக்கு எரிச்சல் தரும், தனியே பூசாமல் வேறு எண்ணெயோடு கொஞ்சம் கலந்து பாருங்கள். சித்த வைத்தியசாலைக்குப் போய் வருகிறவர்கள் குங்கிலிய வெண்ணெய் வாங்கிப் பூசுவார்கள். அதையும் ஈரக் காலில், வைத்தியர் சொன்னபடி பூசட்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பற்று காலில் காய்ந்து உதிர்கிறது, காயும்போது தோலின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உங்கள் அம்மாவுக்கு அது உதவவில்லை.

பாமசிகளில் யூரியா கலந்த கிறீம் கிடைக்கும். வயலுக்குப் போடுகிற அதே பெயர் என்று பயப்பட வேண்டாம். மாரியில் யூரியாப் பையை வாய் கட்டாமல் வைத்தால் என்ன நடக்கும் என்று கமம் செய்கிற எவருக்கும் தெரியும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். தோலிலும் அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. எங்கள் தோலிலேயே இயற்கையாக யூரியா கொஞ்சம் இருக்கிறது. 10 வீதம் உள்ளது சாதாரண வறட்சிக்குப் போதும். 20, 25 வீதம் உள்ளது தடித்த தோலை இளக்கும். திறந்த வெடிப்பில் எரியும் என்பதால் முதலில் வாசலின் போட்டு வெடிப்பை மூடவிட்டு, பிறகு இதற்கு மாறலாம். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: பசளை யூரியாவைக் கரைத்தோ எண்ணெயில் குழைத்தோ காலில் பூசிவிடாதீர்கள். அளவும் சுத்தமும் வேறு, அது மருந்தே அல்ல.

இரத்தம் கசிகிற ஆழமான வெடிப்பை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். கொதித்து ஆறின தண்ணீரால் கழுவி, மண் துகள் இல்லை என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்து, ஒற்றி, வாசலின் தடிப்பாக வைத்து, சுத்தமான கோஸ் துணியால் மூடுங்கள். கசிவு நின்றபின், வெடிப்பின் இரண்டு கரையையும் விரலால் கிட்ட இழுத்துப் பிடித்துக்கொண்டு, குறுக்கே ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டினால் நடக்கும்போது அது திரும்பத் திரும்பத் திறக்காது. நோவும் பாதி குறையும். அம்மா மூன்று நாலு நாளாவது சேற்றில் இறங்காமல் இருந்தால் நல்லது. கமக்காரியிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆவணியில் சொல்கிறேன், சிறுபோகம் முடிகிற நேரம், இப்போது முடியாவிட்டால் பிறகு முடியாது.

நான் விதைப்பைப் பற்றித் தலைப்பிலேயே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புரட்டாதி, ஐப்பசியில் காலபோகத்துக்கு, அதாவது மாரி நெல் விதைப்புக்கு, வயலில் இறங்குவார்கள். அப்போது தண்ணீருக்குள் எலியின் சிறுநீரும் மாட்டின் சிறுநீரும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அதில்தான் இருக்கிறது. அது உடம்புக்குள் போக ஒரு வழி வேண்டும். வெடித்த குதிக்கால் போல வசதியான வழி அதற்கு வேறில்லை. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்தார்கள். முதலில் என்ன நோயென்று தெரியாமல் இருந்து, பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. நெல் விளைகிற எங்கள் ஊர்களில் இது புதிதில்லை. வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாக, டொக்ஸிசைக்கிளின் மாத்திரை கிழமைக்கு ஒரு தரம் எடுக்க இலவசமாகக் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது, வேறு மருந்து எடுக்கிறவர்களும் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். வெடிப்பு ஆறாத நிலையில் அம்மா வயலுக்கு இறங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய் இந்த மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். வயலால் வந்து சில நாளில் இருந்து மூன்று நாலு கிழமைக்குள் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் "நான் வயலில் இறங்கினனான்" என்று முதலில் சொல்லுங்கள்.

ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசியும் அப்படித்தான். மாட்டுச்சாணமும் மண்ணும் கலந்த இடத்தில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு அது முக்கியம். கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டால், கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இனிச் சீனி வருத்தம். தங்கச்சி, நீங்கள் அம்மாவுக்குச் சீனி இருக்கிறதா இல்லையா என்று எழுதவில்லை. அது தெரியாமல் மேலே சொன்ன ஊற வைக்கிற வேலையைத் தொடங்காதீர்கள். சீனி நீண்ட காலம் கூடி இருந்தால் காலின் நரம்புகள் பழுதாகும். நோவு தெரியாது. வியர்வையும் குறையும், அதனாலேயே கால் காய்ந்து வெடிக்கும். அதாவது சிலருக்கு வெடித்த கால்தான் சீனி வருத்தத்தின் முதல் அடையாளம். இதை நான் எத்தனை பேரிடம் கண்டிருக்கிறேன். குதிக்காலில் புண் என்று வருவார்கள், குருதியில் சீனி பார்த்தால் அந்த நேரம்தான் தெரியவரும். அரச ஆஸ்பத்திரிகளில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு 56. ஒரு காலைப் பொழுது எடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சீனி இருக்கிறவர்களுக்கு விதிகள் கொஞ்சம் கடுமை. ஊற வைக்காமல் இளஞ்சூட்டில் கழுவி உடனே ஒற்ற வேண்டும். தண்ணீரின் சூட்டை அவர்களுடைய கால் நம்பத்தகுந்த விதமாகச் சொல்லாது, அதனால் வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். கல்லால் தேய்ப்பதென்றால் கிளினிக்கில் காட்டிக் கேட்ட பிறகு. கால் ஆணிக்கென்று விற்கிற சலிசிலிக் அமில மருந்துகளை, பிளாஸ்டர்களைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. வாசலினோ கிறீமோ குதிக்காலுக்கும் பாதத்துக்கும் மட்டும், விரல் இடுக்கில் பூசக் கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். ஒவ்வொரு இரவும் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து அதன் மேல் காலைப் பிடித்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைகளின் கண் கூர்மையானது, ஒரு முள்ளுக்கூடத் தப்பாது.

நோவே தெரியாத கால் இன்னொரு காரணத்தாலும் வரலாம். வெளிறின அல்லது சிவந்த தழும்பு, அந்த இடத்தில் தொட்டால் உணர்வு குறைவு, கூடவே கால் காய்ந்து வெடிப்பு என்றால் தொழுநோயா என்று காட்டிப் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்டுப் பயந்து ஒளிக்கிறார்கள், அதுதான் எனக்கு மனவருத்தம். ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை எடுத்தால் முழுதாகக் குணமாகும், மருந்து இலவசம், மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும். பிந்தினால் மட்டும்தான் விரலும் காலும் பழுதாகின்றன.

இதைவிட அடிக்கடி நான் கண்டது பங்கசு, அதாவது பூஞ்சைத் தொற்று. உள்ளங்கால் முழுக்க மா தூவின மாதிரி வெள்ளையாக உதிரும், ரேகைகளில் வெள்ளைப் படிவு தெரியும், சில வேளை ஒரு காலில் மட்டும் இருக்கும், விரல் இடுக்கு அவிந்து அரிக்கும், நகம் தடித்து மஞ்சளாகும். எண்ணெய் எவ்வளவு பூசினாலும் இது மாறாது. குளொட்ரிமசோல் கிறீம் காலையும் இரவும் நாலு கிழமை பூச வேண்டும், அரிப்பு நின்றதும் நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீரொய்ட் கலந்த கிறீமைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசுவது இங்கே பெரிய பழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு முன்னையதை விடப் பரவும். கரப்பான், சொறியாசிஸ், தைரொயிட் குறைவு என்றும் காரணங்கள் உண்டு. ஆறு கிழமை சரியாகச் செய்தும் கேட்காவிட்டால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வன்னியில் இதை எழுதும்போது ஒரு கால் உள்ளவர்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. யுத்தத்தில், மிதிவெடியில் ஒரு காலை இழந்து செயற்கைக் காலோடு நடக்கிறவர்கள் எங்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். செயற்கைக் காலைக் கவனிப்பார்கள், அதைத் திருத்த யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் வரைக்கும் போய் வருவார்கள். மிஞ்சியிருக்கிற குதிக்காலை யாரும் பார்ப்பதில்லை. பாரத்தில் கூடப் பங்கு அந்தக் காலில்தான் இறங்குகிறது. அதில் ஒரு வெடிப்பு புண்ணாகிவிட்டால் அவர் அன்றைக்கே வீட்டோடு முடங்குகிறார், தோட்டம் நிற்கிறது, பிள்ளைகளின் செலவு நிற்கிறது. அந்தக் காலுக்கு வெடிப்பு வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல் வருடம் முழுவதும் இரவில் கழுவிப் பூச வேண்டும், பின்பக்கம் மூடின மெத்தென்ற சப்பாத்து வேண்டும். முள்ளந்தண்டில் காயப்பட்டுக் கதிரையில் இருக்கிறவர்களின் குதிக்காலும் உணர்வில்லாதது. கதிரையின் கால்மிதியில் உராய்ந்து வெடிப்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

கோயில் நேர்த்திக்கும் ஒரு வார்த்தை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெறுங்காலோடு நடப்பார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்கும் ஆவணி மடுத் திருவிழாவுக்கும் நடப்பார்கள். நேர்த்தியை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, நானும் நடந்தவள். நடக்க ஒரு மாதத்துக்கு முன்பே காலை ஆற்றிவிட்டுப் போங்கள். ஆறாத வெடிப்போடு சுடுமணலில் இறங்க வேண்டாம். சீனி இருந்து காலில் உணர்வு குறைந்தவர்கள் செருப்போடு நடக்கட்டும். சுடுமணல் தோலை எரித்ததே தெரியாமல் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். அம்மன் அதைக் கேட்கவில்லை.

செருப்பு விஷயத்தில் பெரிய செலவு தேவையில்லை. பின்பக்கம் வார் உள்ள செருப்பு, அல்லது குதிக்காலை மூடுகிற கன்வஸ் சப்பாத்து போதும். தோட்டத்தில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம். வயல் சேற்றுக்கு முழங்கால் அளவு றப்பர் பூட்ஸ் இருந்தால் நல்லது, ஆனால் இறுக்கமான உழுத சேற்றில் அது புதையும் என்று கமக்காரர் சொல்வதும் உண்மைதான். பூட்ஸ் இல்லாவிட்டால் இறங்க முன் குதிக்காலுக்கு வாசலின் தடிப்பாகப் பூசுங்கள், ஏறினவுடன் வாய்க்காலில் அலசிவிட்டு விடாமல், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரால் கழுவி ஒற்றுங்கள். சேறு காலில் காய விடக் கூடாது. வாசலின் பூசினதால் எலிக்காய்ச்சல் வராது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? வெடிப்பைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீங்கி, அந்தச் சிவப்பு மேலே ஏறினால். சீழ் வந்தால், கெட்ட மணம் வந்தால், காய்ச்சல் வந்தால், கவட்டில் நெறி கட்டினால். புண் இருந்தும் நோவில்லை என்றால் அது இன்னும் அவசரம். சீனி இருக்கிறவர்களுக்கு எவ்வளவு சின்னப் புண்ணாக இருந்தாலும் அன்றைக்கே. காலை எடுக்க வேண்டி வந்தவர்களில் எத்தனையோ பேர், "சின்ன வெடிப்புத்தானே" என்று இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இன்றைக்கு இரவு செய்ய வேண்டியது இவ்வளவுதான், தங்கச்சி. அம்மாவைக் கதிரையில் இருத்தி, ஒரு டோர்ச் லைட்டைப் பிடித்து இரண்டு காலையும் விரல் இடுக்கு வரை பாருங்கள். பஞ்சை மெல்லத் திரித்து, அவர் கண்ணை மூடியிருக்க உள்ளங்காலிலும் விரல் நுனியிலும் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். தடித்த குதிக்காலில் தெரியாதது சாதாரணம். விரல் நுனியிலும் தெரியாவிட்டால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கழுவி, ஒற்றி, வாசலின் வைத்து, கோஸால் மூடிவிடுங்கள், ஊற வைப்பது இப்போதைக்கு வேண்டாம். சீனி பார்த்த பிறகு எத்தனை என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து ஊற வைப்பதையும் தேய்ப்பதையும் தொடங்கலாமா என்று சொல்கிறேன்.